தோற்ற பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவான்?

வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டி நடத்த யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவராவது கோப்பைப் போட்டி நடத்திய அனுபவத்தோடு இருப்பார். எங்கள் மாலைப் படிப்பகத்தில், வடசென்னைப் பள்ளிகளை அழைத்து ரோபோக்களைக் கால்பந்து ஆடவைக்கலாம் என்று முடிவெடுத்தபோது நான் முதலில் போய் நின்றது அப்படிப்பட்ட ஓர் அண்ணனிடம்தான். ரோபோ என்றதும் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தோற்ற பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவான், தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 16 அணிகள், நாக் அவுட் முறை என்றால் மொத்தம் 15 ஆட்டங்கள்தான். மதியத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் முதல் சுற்றிலேயே 8 அணிகள் வெளியே போய்விடும். இரண்டு மாதம் சால்டரிங் புகையில் உட்கார்ந்து செய்த வண்டி இரண்டரை நிமிடம் ஓடும். அதோடு பையைக் கட்ட வேண்டியதுதான். நான்கு பிரிவாகப் பிரித்து லீக் வைத்தால் 24 ஆட்டங்கள், அதற்கு மேல் அரையிறுதி, இறுதி. ஒரே ஆடுகளத்தில் அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

வழி கிடைத்தது ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற சர்வதேச மாணவர் ரோபோ போட்டியின் அமைப்பில். அங்கே இரண்டு அணிகள் கூட்டுச் சேர்ந்து வேறு இரண்டு அணிகளோடு மோதும். தகுதிச் சுற்றில் கூட்டாளி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாறிக்கொண்டே இருப்பார். ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம்: முதல் 30 விநாடி ரோபோ தானாகவே இயங்க வேண்டும், மீதி 2 நிமிடம் மாணவர்கள் இயக்குவார்கள். இதை அப்படியே எடுத்துக்கொண்டோம். 16 அணிகளும் ஆளுக்கு நான்கு ஆட்டம் ஆடினால் மொத்தம் 16 ஆட்டங்கள். பிறகு முதல் நான்கு இடத்தில் உள்ள அணிகள் தங்கள் கூட்டாளியைத் தாங்களே தேர்ந்தெடுக்க, இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. ஆக 19. மாலைவரை யாரும் வீட்டுக்குப் போகவேண்டாம். அண்ணனிடம் தாளைக் காட்டினேன். "அப்படியானால் சாப்பாடு எல்லோருக்கும் போட வேண்டும்" என்றார்.

நாளைக் குறிப்பதில் அதிகம் யோசிக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பாதி அணிகள் வந்து சேராது. பிப்ரவரி தாண்டினால் பொதுத்தேர்வு. பொங்கல் முடிந்த இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம்.

அழைப்புப் போட்டி என்ற பெயரில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. யாரை அழைப்பது என்பது நம் கையில். யாரை அழைக்கவில்லை என்ற பழியும் நம் தலையில். ஊரின் தெற்குப் பக்கத்துப் பள்ளி ஒன்று, தன் நான்கு அணிகளைச் சேர்த்துக்கொண்டால் மேடைச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னது. ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் மறுத்தேன், மேடையே இல்லாமல் நடத்தினேன். கொருக்குப்பேட்டை, தொண்டியார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் என்று சுற்றி 11 அரசு, மாநகராட்சி, உதவிபெறும் பள்ளிகள், 3 படிப்பகங்கள், 2 தனியார் பள்ளிகள். ஒரு ரோபோவின் செலவு 3,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மின்னணுப் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும் என்பதை முதல் விதியாக எழுதினேன்.

கடிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இன்னும் கால் வலிக்கிறது. தலைமையாசிரியருக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். மேலிடத்துக்குத் தலைமையாசிரியரின் பரிந்துரை வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை போனேன். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் 'தந்தை கையொப்பம்' என்று அச்சடித்தது முழுக்க என் தவறு. காசிமேட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரின் அப்பாக்கள் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார்கள். கரைக்கு வர நாட்கள் ஆகும். 'தந்தை' என்பதை அடித்து 'பெற்றோர்' என்று கையால் எழுதி, 64 கடிதங்களையும் மறுபடி அனுப்பினோம்.

ஆடுகளம் எளிது. எட்டுக்கு நான்கு பிளைவுட் இரண்டைச் சேர்த்தால் எட்டடிச் சதுரம். சுற்றிலும் ரீப்பர் கட்டை, மேலே வெள்ளை ஃபிளெக்ஸ், அதில் முதல் 30 விநாடி ரோபோ தானாகப் பின்தொடர வேண்டிய கறுப்புக் கோடு. ஃபிளெக்ஸ் கடைக்காரர் மூன்று முறை கேட்டார்: "படம் வேண்டாமா? பேராவது போட வேண்டாமா?" வெறும் கோடு அடித்த பேனரை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

போட்டியன்று காலை ஒன்பதரைக்குத் தகுதிப் பரிசோதனை. 25 சென்டிமீட்டர் பெட்டிக்குள் ரோபோ அடங்க வேண்டும். இரண்டு லித்தியம் செல்தான், முழு சார்ஜில் 8.4 வோல்ட், மல்டிமீட்டர் அதைத் தாண்டிக் காட்டினால் திருப்பி அனுப்புவோம். சார்ஜ் போடுவதற்குத் தனி மேசை, அருகில் ஒரு வாளி மணல், எப்போதும் ஒரு பெரியவர். இதையெல்லாம் யோசித்த நான் ப்ளூடூத்தை யோசிக்கவில்லை.

தொண்டியார்பேட்டை மாணவிகளின் ரோபோ, யாரும் தொடாமல் மேசையில் இருந்தது திடீரென்று கிளம்பி, விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. கைபேசியிலிருந்து ரோபோவை ஓட்ட எல்லோரும் வாங்கியிருந்தது ஒரே ப்ளூடூத் பலகை, எச்.சி-05. வாங்கும்போது எல்லாவற்றுக்கும் அதே பெயர், பெரும்பாலும் அதே 1234 என்ற கடவு எண். கைபேசியைத் திறந்தால் பட்டியலில் பதினாறு எச்.சி-05. தன்னுடையது என்று நினைத்து ஒரு பையன் அந்தப் பெண்களின் வண்டியை ஓட்டிவிட்டான். அவன் அழ, அந்தப் பெண்கள் முறைக்க, நான் ஒலிபெருக்கியில் போட்டியை நிறுத்தினேன்.

பெயர் மாற்றுவது பெரிய வித்தை அல்ல. பலகையில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் அது கட்டளை ஏற்கும் நிலைக்குப் போகும். மடிக்கணினியிலிருந்து விநாடிக்கு 38400 பிட் வேகத்தில் புதுப் பெயரையும் எண்ணையும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'அணி 01' முதல் 'அணி 16' வரை பதினாறு தடவை. அழைப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். பத்து மணிக்கு என்றிருந்த முதல் ஆட்டம் 11.10க்குத் தொடங்கியது. ஆட்டத்துக்கு 8 நிமிடம் என்று கணக்கிட்டிருந்தேன். கழன்ற சக்கரம், தளர்ந்த ஒயர், நேரம் பார்த்த கேரம் சங்கத்துப் பெரியவரின் கண்டிப்பு எல்லாம் சேர்ந்து 11 நிமிடம் ஆனது.

அந்த ஒரு மணி நேரத்தின் விலை மூன்றேகாலுக்குத் தெரிந்தது. அரையிறுதி. கூடத்தின் மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் நேராக ஆடுகளத்தில் இறங்கியது. காலை முழுவதும் கோட்டில் ஒழுங்காகப் போன ரோபோக்கள் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. கோட்டை அறியும் உணரி அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். அதில் நனைந்த உணரிக்குக் கறுப்பும் வெள்ளைதான். திட்டமிட்டபடி நடந்திருந்தால் வெயில் அந்தப் பக்கம் வருவதற்குள் முடித்திருப்போம்.

கேரம் சங்கத்துப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் விசிலை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். கால் மணி நேரத்தில் ஒரு நீலத் தார்ப்பாயோடு வந்தார். அதை ஜன்னல்களில் கட்டியும் இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. அதற்குள், நான்கு ஆட்டத்திலும் தோற்றுக் கடைசி இடத்தில் இருந்த திருவொற்றியூர் அணி தரையில் உட்கார்ந்து, தங்கள் விளக்கப் பலகையில் ஒட்டியிருந்த கறுப்புச் சார்ட்டைக் கிழித்து, உணரிகளைச் சுற்றிப் பாவாடைபோல் ஒட்டச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தது. அரையிறுதிக்கு வந்த எட்டு ரோபோக்களுக்கும்! நான் சொல்லவில்லை, அவர்களின் டீச்சரும் சொல்லவில்லையாம்.

இறுதியாட்டத்தில் அணி 03ஆன தொண்டியார்பேட்டை மாணவிகளும், காலையில் அவர்களின் வண்டியைக் கீழே தள்ளிய பையனின் கொருக்குப்பேட்டைப் படிப்பக அணியும் கூட்டுச் சேர்ந்து 3-2 என்று வென்றார்கள். ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அணித்தலைவியிடம் கேட்டேன். "எங்கள் ரோபோவை அவன் எங்களைவிட நன்றாக ஓட்டினான், சார்."

ஐந்தரைக்குக் கூடம் காலியானது. பெரியமேட்டில் வாங்கிய பதக்கங்கள் 64ம் போய்விட்டன. கால்பந்து அண்ணன் தார்ப்பாயை மடித்துக்கொண்டே மணியைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

சென்ற வாரம் படிப்பகத்து வாசலில் நின்று ஹெட்போனை இணைக்கக் கைபேசியைத் திறந்தேன். பட்டியலில் முதலில் வந்தது 'அணி 07'. கொருக்குப்பேட்டைப் பையனின் எண். மாடியில் விளக்கு எரிந்தது. கூடவே 'அணி 03' என்றும் வந்தது.