பறக்கிறவர் மறைக்கும் மாத்திரை

மதுரையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலிதான். அவர்களுக்கு நடுவே எப்போதாவது விமானம் ஓட்டுகிறவர்களும் வருவார்கள். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். தனியார் விமானி உரிமத்துக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை செய்ய டிஜிசிஏ (இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவர்களில் நானும் ஒருத்தி.

சோதனைகள் கடினமானவை அல்ல. சர்வதேச விதிப்படி, தூரப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9 இருந்தால் போதும். கண்ணாடி போட்டும் பார்க்கலாம். காதுக்கு, அமைதியான அறையில் 2 மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, சாதாரணக் குரலில் பேசுவேன். திருப்பரங்குன்றம், உசிலம்பட்டி என்று ஊர்ப்பேராகச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கீழே ஷேர் ஆட்டோ ஹாரன் ஓயும்வரை இருவரும் காத்திருப்போம்.

கடினமானது ஒரு கேள்விதான்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று உடனே பதில் வரும். அப்படிச் சொன்ன ஒரு சுங்குடிச் சேலை வியாபாரியின் சட்டைப் பையில் செட்ரிசின் அட்டை எட்டிப் பார்த்தது. "இது சளிக்குத்தானே, இதையும் சொல்லணுமா?" என்றார். சொல்லத்தான் வேண்டும். தூக்கம் தருவதால், அதைச் சாப்பிட்டுவிட்டுப் பறக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விமானத்துறை. தூக்கம் தராத ஃபெக்ஸோஃபெனடினை அதே துறை அனுமதிக்கிறது. மாற்று மருந்து இருக்கும்போது மறைப்பானேன்?

பயம்தான் காரணம், அது எனக்குப் புரிகிறது. இன்சுலின் போடுகிறவரைத் தகுதியில்லை என்றுதான் சர்வதேச விதி பொதுவாகச் சொல்கிறது. ஆனால் உணவாலோ, பறப்பதற்கு ஒத்துவரும் மாத்திரையாலோ சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வழி உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமலே, வாயைத் திறந்தால் உரிமம் போய்விடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் விடுமுறையில் வரும்போது, "அங்கே ஈஸி, இங்கே ஏன் இவ்வளவு?" என்பார்கள். 2017 முதல் அங்கே பேசிக்மெட் என்ற வழி இருக்கிறது: வழக்கமான டாக்டரிடமே 48 மாதத்துக்கு ஒரு பரிசோதனை, 24 மாதத்துக்கு ஒரு ஆன்லைன் பாடம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த 48 மாதத்தில் டெங்கு வரலாம், முதுகு பிடிக்கலாம், தூக்கம் கெடலாம். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பறக்காமல் இருப்பது விமானியின் கடமை; சான்றிதழ் செல்லுபடியாக இருந்தாலும் அது மாறாது. எந்த நாட்டு உரிமம் என்றாலும் இதுதான்.

அதனால், மெடிக்கலில் எதை வாங்கினாலும் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டேன். திருமங்கலம் பொறியாளர் ஒருவர் பல்வலி மாத்திரையை அனுப்பியிருந்தார். டிரமடால் கலந்தது; தூக்கம் தரும் கடுமையான வலி மருந்து. இதோடு ஞாயிறு பறக்க வேண்டாம், பாராசிட்டமால் போதுமா என்று பல் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். சரி டாக்டர், பறப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.