மாவு அரைக்கிற நாளிலிருந்து

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

இந்த வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியலை எழுதி நாள்காட்டி ஆணியில் குத்திவிட்டேன். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம்தான் எங்கள் வீட்டில் பட்டியலுக்கு.

காலையில் எதிர் வீட்டு அக்கா வந்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வைத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க ஆறு வயர் கூடை வேண்டும், 19ஆம் தேதிக்குள். "நீ போட்டதுதான் வேணும், கடையில வாங்க மனசு இல்ல" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு கூடைக்கு எனக்கு முழுசாக இரண்டு மதியம் பிடிக்கும். இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரை எழுந்திருக்கக் கூடாது. ராத்திரிக்கு என்ன செய்வது என்று நாலு மணிக்கு யோசிக்கிற வீட்டில் அது நடக்காது. இந்த வாரப் பட்டியல் அதற்காகவே எழுதியது.

பட்டியலில் நான் முதலில் எழுதுவது பதார்த்தம் இல்லை, மாவு அரைக்கிற நாள். ரேஷன் புழுங்கலரிசி நாலு உழக்கு, உளுந்து ஒரு உழக்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம். இன்று மாலை அரைத்துவிட்டேன். இந்த வெயிலுக்கு ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், அதனால் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். நாளைக்கு இட்லி, செவ்வாய் தோசை, புதன் காலையில் புளிப்பு ஏறிய மிச்ச மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். மூன்று நாள் காலைப்பாடு ஒரே மாவில் முடிந்தது. வியாழன் கேப்பைக் கூழ், மோர் மிளகாய்.

மதியத்துக்கு நாளை இடி சாம்பார், செவ்வாய் புளியில்லாக் கறி, புதன் உளுந்தஞ்சோறு, வியாழன் மிளகு ரசமும் பருப்புத் துவையலும். வெள்ளி பங்குனி உத்திரம், சாஸ்தா கோயில். சனி கூட்டாஞ்சோறு. இந்த மாத ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கிலோ துவரம் பருப்பு இருபதாம் தேதி வரை வர வேண்டும். அதனால்தான் இரண்டு நாள் துவரம் பருப்பில்லாமல் எழுதினேன்.

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தார்கள். "வியாழக்கிழமை எனக்குச் சாமைச் சோறு வச்சுரு" என்றார்கள். முன்பெல்லாம் அவர்கள் இப்படிக் கேட்டதே கிடையாது. சர்க்கரை வந்த பிறகு எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தில் தனக்கு ஆகிறதைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். தாளில் எழுத ஆரம்பித்த பிறகுதான் தனக்கும் ஒரு வரி கேட்கிறார்கள். பேனாவை அவர்கள் கையில் கொடுத்தேன். "சாமை" என்று அவர்களே எழுதினார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் கூடையில் தப்புச் செய்துவிட்டேன்.

பச்சையும் மஞ்சளும் என்று முடிவாகியிருந்தது. அகலத்துக்குப் பத்து முடிச்சு, நீளத்துக்கு இருபத்திரண்டு. அடியை முடித்து, நாலு மூலையையும் திருப்பி, பக்கச் சுவர் ஐந்து வரிசை ஏறிவிட்டது. தூக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் மஞ்சள் கோடு நேராக நடுவில் போகிறது, மறுபக்கம் ஒரு முடிச்சு தள்ளிப் போகிறது. அடி போடும்போதே மஞ்சள் வயரை ஒரு இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதுதான். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகிற கூடை. அவிழ்த்தேன்.

முடிச்சு விழுந்த வயரை அவிழ்த்தால் நெளிநெளியாக நிற்கும், திரும்பப் போட்டால் முடிச்சு இறுகாது. அத்தைதான் வழி சொன்னார்கள். குளிக்கிற பதத்துக்கு வெந்நீர் வைத்து வயரை அதில் போட்டு, இளகினதும் துணியால் பிடித்து நீள உருவி விட வேண்டும். முழுக்க நேராகாவிட்டாலும் பின்னுகிற அளவுக்கு வந்துவிட்டது. இளம் வயதில் அவர்கள் பனை ஓலைக் கொட்டான் முடைந்தவர்கள். காய்ந்த ஓலையைத் தண்ணீரில் நனைத்துப் பதமாக்குகிற பழக்கத்தில்தான் இதைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மதியம் புளியில்லாக் கறி வைத்ததால் நேரம் மிச்சம். சிறுபருப்பும் வாழைக்காயும் ஒன்றாக வேகும், தேங்காய் சீரகம் அரைத்து ஊற்றினால் முடிந்தது. ராத்திரிக்கும் அதுவே தோசைக்கு.

ஏப்ரல் 9, புதன்

உளுந்தஞ்சோறு. கருப்பு உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, அரிசியோடு பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்த்து ஒரே பானையில் வேகவைப்பது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். மகளுக்காக மாதம் இரண்டு முறையாவது வைத்துவிடுகிறேன். வயசுப் பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று என் அம்மா எனக்கு வைத்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

முதல் கூடை முடிந்தது, கோடு நேராக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி, ராத்திரி

இப்போதுதான் வந்து இறங்கினோம். கால் முழுக்கச் செம்மண்.

எங்கள் சாஸ்தா அருஞ்சுனை காத்த அய்யனார். திருச்செந்தூர்ப் பக்கம் மேலப்புதுக்குடியில் இருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று குலசாமியைப் பார்க்காத குடும்பம் எங்கள் ஊர்களில் குறைவு. யார் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் இந்த ஒரு நாள் சாஸ்தா கோயில் மரத்தடியில் கூடிவிடுவார்கள். வருஷம் முழுக்கப் பார்க்காத சித்தப்பா வீட்டாரை இன்று சுனைக் கரையில் பார்த்தேன். சுற்றிலும் தேரி என்கிற செம்மணல் மேடு கொதிக்கிறது, சுனையில் மட்டும் தண்ணீர். எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் தண்ணீர் முன்னால் நிற்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கொண்டு போன சாப்பாடு: புளியோதரை, தேங்காய்த் துவையல், தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய். புளிக்காய்ச்சலை வியாழன் ராத்திரியே காய்ச்சி வைத்தேன். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி நல்லெண்ணெய் விட்டு நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கிளற வேண்டும். சூட்டோடு கிளறி மூடி வைத்தால் வியர்த்து, மதியத்துக்குள் நொசநொச என்று ஆகிவிடும். தயிர்சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரை ஒரு கரண்டியும்தான் விட்டேன். பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் அது தானே உறைந்து சரியான புளிப்புக்கு வந்திருந்தது.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட நீலக் கூடை. சின்னவன் பிறந்த வருஷம் போட்டது. இரண்டு தூக்குவாளி, ஒரு சம்படம், வாழையிலைக் கட்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் அதற்குள். பிடியில் ஒரு இடம்கூட விடவில்லை. திரும்பும்போது வழியில் பதநீர் குடித்தோம், ஓலைப் பட்டையில், நுங்கு போட்டு.

ஏப்ரல் 12, சனி

அலுப்பு. கூட்டாஞ்சோறு என்று எழுதியிருந்ததை மாற்றி ரசமும் சுட்ட அப்பளமும். பட்டியலில் எழுதியது கல்வெட்டு இல்லை. வாங்கி வைத்த முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் நாளைக்குக் கூட்டாஞ்சோறாகும். இரண்டாவது கூடை முடிந்தது.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை 1

விசுவாவசு வருஷம் பிறந்தது. நேற்று ராத்திரியே கண்ணாடி முன்னால் கொன்றைப் பூ, மாம்பழம், வெள்ளரிக்காய், நிறைநாழி அரிசி, என் ஒரு ஜோடிக் கம்மல் எல்லாம் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் பிள்ளைகளைக் கண்ணைப் பொத்திக் கூட்டி வந்து கனி காட்டியது அத்தை.

பச்சடிக்கு மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும். பூ நம் தெரு மரத்தினுடையது, என் வீட்டுக்காரரே போர்வையை விரித்து உலுக்கி எடுத்து வந்தார். வடை, பாயசம், அவியல். கூடைக்கு இன்று லீவு.

ஏப்ரல் 16, புதன்

நேற்று மூன்றாவது கூடை முடிந்தது, நாலாவதற்கு அடி போட்டாகிவிட்டது. வெயில் இப்படிக் காய்கிற நாளில் வத்தல் போடாமல் இருக்க முடியவில்லை. இது ஒரு வருஷத்துப் பட்டியலுக்கான வேலை. காய் விலை ஏறும் ஐப்பசியில் ஒரு ரசத்தையும் கைப்பிடி வத்தலையும் வைத்து ஒரு மதியத்தை ஓட்டலாம்.

நாலரை மணிக்கு எழுந்து கூழ் காய்ச்சினேன். பச்சரிசி மாவு ஒரு படி, ஊறவைத்த ஜவ்வரிசி ஒரு கை, பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த விழுது, சீரகம். கூழ் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம். உப்பை நாக்குக்குச் சரியாகப் போடக் கூடாது, ஒரு மாற்றுக் குறைவாக. காய்ந்து சுருங்கும்போது கூழ் குறையும், உப்பு குறையாது. இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்து, ஆறுவதற்குள் மாடிக்கு ஏறிவிட்டோம். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, மகள் ஒரு ஓரத்திலிருந்தும் நான் ஒரு ஓரத்திலிருந்தும் கரண்டியால் ஊற்றி வந்தோம். காக்காய்க்கு ஒரு கருப்புக் குடையை விரித்து வைத்தாயிற்று. பக்கத்தில் இரண்டு தட்டில் அடமாங்காய். மஞ்சளும் உப்பும் போட்டு ஊறிய துண்டுகளைப் பகலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அந்த உப்புத் தண்ணீரிலேயே போட வேண்டும். துண்டுகள் அந்தத் தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்க்கும் வரை தினமும் இதே வேலை.

நாலு மணிக்குக் கிழக்கே கறுத்தது. நான் கூடைக்குள் கையை விட்டு மூலை திருப்பிக்கொண்டிருக்கிறேன். "மழ வருது!" என்று சின்னவன் கத்தினதும் எல்லாரும் ஓடினோம். அத்தை, முழங்கால் வலியோடு, மாடிப்படியில் ஏறி வந்து மாங்காய்த் தட்டை எடுத்துக்கொண்டார்கள். வேட்டியை நாலு மூலையும் பிடித்து அப்படியே தொட்டில் மாதிரி இறக்கினோம். ஒரு ஓரத்தில் பத்து இருபது வத்தல் கரைந்துவிட்டது, மற்றது தப்பியது. இப்போது கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே விரித்திருக்கிறது. நாளை வெயில் அடித்தால் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து எடுக்கலாம்.

ராத்திரிக்குப் பட்டியலில் இருந்தது இடியாப்பம். யாருக்கும் தெம்பில்லை. பானையில் ஒட்டியிருந்த கூழைச் சுரண்டி ஆளுக்கு ஒரு கிண்ணம், அப்புறம் தயிர்சோறு. வத்தல் போடுகிற நாளில் அந்தக் கூழுக்கு இருக்கிற ருசி வேறு எதற்கும் இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. எங்கள் பாளையங்கோட்டையே அமைதியாக இருந்தது. எதிர் வீட்டு அக்கா வீட்டில் எல்லாரும் வெள்ளைத் துணி உடுத்திக் கோயிலுக்குப் போய் மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வந்தார்கள். கோயிலில் கொடுத்த கஞ்சியில் ஒரு சின்னத் தூக்கு எங்களுக்கும் வந்தது, துவையலோடு. மதியம் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், ராத்திரிக்கு அதுவே ஆகாரம்.

ஐந்து கூடைக்கும் பிடி போட்டு முடித்தேன். பிடி போடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். உள்ளே கெட்டியாக வயர்க் கட்டை வைத்து, மேலே சுற்றிப் பின்னிக்கொண்டே வரும்போது ஒவ்வொரு சுற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். வலது சுட்டு விரலில் வயர் அறுத்த கோடு. மகள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டு, ஆறாவது கூடையின் சுவரில் நாலு வரிசை அவளே போட்டாள். முடிச்சு கொஞ்சம் தளர்வு, ஆனால் எண்ணிக்கை சரி. நான் அவிழ்க்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஆறு கூடையும் கொடுத்தாயிற்று. அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கூடையைக் காட்டி "இது உன் பிள்ள போட்டதா" என்று கேட்டு அதைத் தனியாக எடுத்து, தன் மகளுக்கு என்று வைத்துவிட்டார்கள்.

இன்று சொதி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்துக் குழம்பு. வீட்டில் ஒரு வேலை நல்லபடியாக முடிந்தால் நானும் வைத்துவிடுவேன். துவரம் பருப்பு தீர்ந்துவிட்டது, சொதிக்குக் கொஞ்சம் சிறுபருப்பு போதும், அது இருந்தது. நேற்று விடியற்காலை வீட்டுக்காரர் மகாராஜநகர் உழவர் சந்தையில் பீன்ஸ், கேரட், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம் எல்லாம் வாங்கி வந்தார். இரண்டு தேங்காய். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பால் விட்டு ஒரு கொதி, முதல் பாலை விட்டதும் நுரை கட்டும், அங்கேயே இறக்க வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவது அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். கூட இஞ்சிப் பச்சடி கட்டாயம், தேங்காய்ப்பாலின் மந்தத்தை அதுதான் கரைக்கும். அப்புறம் உருளைக்கிழங்கு வறுவல், புதுக் கூழ் வத்தல் பொரித்தது. வத்தலில் உப்பு அளவாக இருக்கிறது. அத்தைக்குச் சாமைச் சோற்றில் சொதி.

ஒரு தூக்கு நிறைய எடுத்துக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ஈஸ்டர் பலகாரத்தோடு தூக்கு திரும்பி வந்தது.

அடமாங்காய்க்கு இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். அடுத்த வாரத் தாளில் அத்தை எனக்கு முன்னாலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள், புதன்கிழமைக்கு: "சுண்டவத்தக் குழம்பு". மாவு இன்று மாலை அரைக்க வேண்டும். உளுந்து முக்கால் உழக்குதான் இருக்கிறது, சின்னவனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.