பதுவாவின் ஆறு மர வளையங்கள்

வெனிசிலிருந்து பதுவாவுக்கு ரயிலில் அரை மணி நேரப் பயணம்தான். ஊரின் பெயர் நம்மவர்களுக்குப் புதிதன்று. பதுவைப் புனிதர், கோடி அற்புதர் என்று அந்தோணியார் கோயில் திருவிழாக்களில் கேட்டுப் பழகியது. என் தங்கை வந்தது அவருக்காக. நான் வந்தது இதயத்துக்காக. பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வரைந்து, தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் தீட்டி, ‘வில்லியம் ஹார்வி, 1628’ என்று, இரத்தம் உடலைச் சுற்றி வருவதை நிறுவியவரின் பெயரையும் ஆண்டையும் ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது வழக்கம். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

கட்டடத்தின் பெயர் பலாசோ போ. பல்கலைக்கழகத்தின் பழைய மனை. போலோன்யாவிலிருந்து பிரிந்து வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் 1222-இல் பதுவாவில் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள்; பின்னாளில் அது எருதை அடையாளமாக வைத்திருந்த ஒரு சத்திரத்தில் குடியேறி, அங்கேயே வளர்ந்தது. ஊரின் நட்டநடுவே, புகழ்பெற்ற பெட்ரோக்கி காபிக் கடைக்கு எதிரில் இருக்கிறது. முற்றத்தின் சுவர்களிலும் கூரையிலும் படித்துப்போன மாணவர்களின் குலச்சின்னங்கள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்குகின்றன. உள்ளே வழிகாட்டியுடன்தான் போக முடியும். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

உடற்கூறு அரங்குக்குள் கீழ்ப்பக்கமாக நுழைகிறோம். ஒரு காலத்தில் பிணத்தைக் கிடத்திய மேசை இருந்த இடத்தில் நின்றுகொண்டு தலையை உயர்த்த வேண்டும். முட்டை வடிவத்தில் ஆறு மர வளையங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, மேலே போகப் போக விரிந்துகொண்டே செல்கின்றன. ஒவ்வொரு வளையத்துக்கும் வால்நட் மரத்தில் கடைந்த கைப்பிடிச் சுவர். உட்கார இடம் கிடையாது. இருநூறு பேருக்கு மேல் தோளோடு தோள் உரசி நின்று, கைப்பிடியின் மேல் சாய்ந்து, கீழே கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். குளிர்காலத்தில்தான் பாடம் நடக்கும். வெயில் காலத்தில் உடல் தாங்காது. வெளிச்சத்துக்கு மெழுகுவத்திகள். நாங்கள் நின்ற இடம் அத்தனை குறுகலானது. மேலேயிருந்து அத்தனை கண்களும் நம்மையே நோக்குவதுபோல் உடல் சிலிர்த்தது.

இதைக் கட்டுவித்தவர் இங்கே உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஜிரோலமோ ஃபாப்ரிசி. ஆண்டு 1595. நிரந்தரமாகக் கட்டப்பட்ட உடற்கூறு அரங்குகளில் இன்றும் நிலைத்திருப்பவற்றுள் இதுவே மூத்தது. 1872 வரை பயன்பாட்டில் இருந்தது.

இந்த அரங்கின் அருமை புரிய, அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் போக வேண்டும். அப்போதெல்லாம் பேராசிரியர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து, கிரேக்க மருத்துவர் கேலன் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதை வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் உடலை அறுப்பார். ஏட்டில் இருப்பது உடலில் இல்லையென்றால் குற்றம் உடலின்மேல்தான். 1537-இல் இங்கே ஆசிரியராகச் சேர்ந்த இளைஞர் வெசாலியஸ் அந்த ஆசனத்திலிருந்து இறங்கி வந்து, கத்தியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1543-இல் வெளிவந்த அவருடைய பெருநூல் கேலனின் பிழைகளை வரிசையாக எடுத்துக் காட்டியது. அதே ஆண்டில்தான் கோபர்னிக்கஸின் நூலும் வெளிவந்தது. அவரும் 1501 முதல் 1503 வரை இதே பதுவாவில் மருத்துவம் படித்தவர்.

கேலன் சொன்னது என்ன? உண்ட உணவைக் கல்லீரல் இரத்தமாக்குகிறது. அது உடலெங்கும் பரவி, அங்கங்கே செலவாகித் தீர்ந்துவிடுகிறது. கொஞ்சம் இரத்தம் இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக வலமிருந்து இடம் கசிகிறது. அந்தத் துளைகளை வெசாலியஸ் தேடினார். கிடைக்கவில்லை. 1555-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தம் ஐயத்தை வெளிப்படையாகவே எழுதினார். அவருக்குப் பின் அந்தப் பணியை ஏற்ற ரியால்டோ கொலம்போ, இரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போகிறது என்றார். அவர் நூல் 1559-இல் வந்தது. அடுத்தது ஃபாப்ரிசி. சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருப்பதை அவர் 1574-இலேயே மாணவர்களுக்கு அறுத்துக் காட்டினார். அந்த வால்வுகளுக்கென்றே 1603-இல் ஒரு நூல் போட்டார். கையைக் கட்டி, புடைத்து நிற்கும் சிரைகளில் முடிச்சுகளை அடையாளமிட்ட அருமையான படம் அதில் உண்டு.

ஆனால் அவை எதற்காக? இரத்தம் மொத்தமாகக் கைகால்களில் போய்த் தேங்காமல் தடுத்து, வேகத்தைக் குறைக்கும் சிற்றணைகள் என்று அவர் நினைத்தார். கேலனின் கணக்குப்படி சிரை இரத்தம் உடலின் நடுவிலிருந்து வெளியே போக வேண்டும் அல்லவா? அந்த எண்ணம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. கதவைக் கண்டுபிடித்தவர் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று தள்ளிப் பார்க்கவில்லை.

1599 அளவில் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த ஹார்வி இந்த வளையங்களில் நின்று ஃபாப்ரிசியின் பாடத்தைக் கேட்டவர். 1602-இல் பட்டம் வாங்கிக்கொண்டு லண்டன் போய்விட்டார். கால் நூற்றாண்டு கழித்துத் தம் நூலை வெளியிட்டபோது, ஆசிரியரின் அதே கைப்படத்தைத்தான் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டார். ஹார்வியின் முதுமையில் வேதியியலாளர் ராபர்ட் பாயில், இரத்தம் சுற்றி வருகிறது என்ற எண்ணம் எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, சிரைகளின் வால்வுகளைத்தான் காரணமாகச் சொன்னாராம்.

அந்தச் சோதனையை முற்றத்தில் உட்கார்ந்து தங்கையின் கையிலேயே செய்து பார்த்தோம். முழங்கைக்கு மேல் துப்பட்டாவை அளவாக இறுக்கிக் கட்டினேன். முன்கையில் சிரைகள் புடைத்தன; இடையிடையே சிறு கணுக்கள். கணுக்கள் இருக்குமிடம்தான் வால்வு. அதற்குக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து தோள்பக்கமாக வால்வைத் தாண்டி வழித்துவிட்டேன். அந்தத் துண்டுச் சிரை அமுங்கி வெறுமையாகிவிட்டது. மேலே தேங்கி நிற்கும் இரத்தம் கீழே இறங்கவே இல்லை. அழுத்திய விரலை எடுத்ததும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து குபுக்கென்று நிரம்பியது. “அக்கா, இன்னொரு தடவை செய்யுங்கள்” என்றாள். அறிவியல் பிடிக்காது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள் அவள்.

ஹார்வி கேட்ட இரண்டாவது கேள்வி என்னை இன்னும் அதிகமாக வியக்க வைக்கிறது: எவ்வளவு? அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறுவது மிகக் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் உடலிலுள்ள இரத்தத்தையே மிஞ்சிவிடுகிறது. இவ்வளவையும் கல்லீரல் எந்த உணவிலிருந்து ஆக்கும்? இன்றைய எண்களில் போட்டுப் பாருங்கள்: துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். நம் உடலில் இருப்பதோ மொத்தமே 5 லிட்டர் அளவுதான். போன இரத்தமே திரும்பி வந்தாக வேண்டும். ஒரு பெருக்கல் கணக்கு, ஆயிரத்து நானூறு ஆண்டு மருத்துவத்தைச் சாய்த்துவிட்டது.

அடுத்த கூடம் நாற்பதின்மர் கூடம். இங்கே படித்த வெளிநாட்டு மாணவர் நாற்பது பேரின் ஓவியங்கள் சுவரில் இருக்கின்றன; ஹார்வியும் இருக்கிறார். ஒரு மூலையில், இழைப்பும் செதுக்கும் இல்லாத முரட்டுப் பலகைகளால் ஆன ஒரு மேடை. கலிலியோ நின்று பாடம் நடத்தியது என்று சொல்லப்படுகிறது. 1592 முதல் 1610 வரை அவர் இந்த ஊரில் கணிதம் கற்பித்தார். தொலைநோக்கியை நிலவின் பக்கம் திருப்பியதும், 1610 ஜனவரி 7 இரவில் வியாழனுக்குப் பக்கத்தில் சிறு ஒளிப்புள்ளிகளாக அதன் நிலவுகளைக் கண்டதும் இங்கேதான். உடன் பணியாற்றிய தத்துவப் பேராசிரியர் கிரெமொனினி, நண்பராக இருந்தும், அந்தக் குழாய்க்குள் பார்க்க மறுத்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கிரெமொனினியையும் திருச்சபை விசாரணை மன்றம் விடாமல் துரத்தியது. அவரைக் கைவிடாமல் காத்தது வெனிஸ் குடியரசு. பதுவா 1405 முதல் வெனிசின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் பட்டம் பெற வழிசெய்து, ரோமின் அழுத்தத்துக்கு எளிதில் பணியாமல் நின்றது அந்த அரசு. வெசாலியஸுக்கும் ஹார்விக்கும் வாய்த்த சூழல் அதுதான். மேதைகளைப் பற்றிப் பேசும்போது அவர்களுக்குக் கிடைத்த நிழலைப் பற்றியும் நாம் பேச வேண்டும். கலிலியோ 1610-இல் அந்த நிழலை விட்டு, ஃபுளோரன்சை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் ஆதரவை நம்பி அங்கே போனார். 1633-இல் ரோமில் விசாரணை மன்றத்தின் முன் மண்டியிட நேர்ந்தது. பதுவாவின் 18 ஆண்டுகளே தம் வாழ்நாளில் சிறந்தவை என்று 1640-இல் எழுதினார்.

அவருடைய முதுகெலும்புத் துண்டு ஒன்றை இங்கே காத்து வைத்திருக்கிறார்கள். 1737-இல் ஃபுளோரன்சில் உடலை வேறு கல்லறைக்கு மாற்றியபோது எடுக்கப்பட்டது. காலையில் அந்தோணியார் பேராலயத்தில் காத்து வைத்திருக்கும் அந்தப் புனிதரின் நாக்கை வணங்கிவிட்டு வந்திருந்த தங்கை, இதன் முன்னும் கைகூப்பிவிட்டு நகர்ந்தாள். எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது.

இறங்கும் படிக்கட்டின் அடியில் எலெனா கொர்னாரோ பிஸ்கோபியாவின் சிலை. 1678 ஜூன் 25 அன்று தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். அவர் கேட்டது இறையியல் பட்டம், கத்தோலிக்க ஆயர் ஒப்பவில்லை. திரண்ட கூட்டத்தைக் கண்டு தேர்வை ஆயரின் தலைமைக் கோயிலுக்கே மாற்றியிருக்கிறார்கள். அதற்குப்பின் இதே பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. நிழல் எல்லோருக்கும் விழவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேரம் இருந்தால் 1545-இல் அமைத்த மூலிகைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். 1585-இல் நட்ட குட்டைப் பனை ஒன்று இன்னும் உயிரோடு நிற்கிறது. 1786-இல் ஜெர்மானியக் கவிஞர் கதே அதன் ஓலைகளைப் பார்த்துத்தான் தாவர உறுப்புகளின் உருமாற்றம் பற்றிய தம் சிந்தனையைத் தீட்டிக்கொண்டார்.

ஹார்வியின் கணக்கில் ஒரு இடைவெளி மட்டும் இருந்தது. தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது? வெறும் கண்ணுக்கு எட்டாத அந்தப் பாதையை அவர் காணவே இல்லை, 1657-இல் இறந்துவிட்டார். 1661-இல் மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மயிரிழை போன்ற தந்துகிகளைக் கண்டார். அவர் பார்த்த ஊர் போலோன்யா. பதுவாவிலிருந்து நேரடி ரயில் உண்டு. மறுநாள் காலை டிக்கெட் எடுத்துவிட்டோம்.