பாராட்டு எடுபடாத இடம்

ஆலோசனைக்கு வருகிறவர்களை நான் பாராட்டுவதில்லை. பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். எதிரே ஒருவர் உட்கார்ந்து "நான் எதுக்கும் லாயக்கில்லாதவ" என்று அழும்போது, "அப்படிச் சொல்லாதீங்க, நீங்க எவ்வளவு நல்லவங்க" என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரும். அவரும் தலையாட்டுவார். 'பாவம், இந்த மேடத்துக்கு என்னைப் பத்தி முழுசாத் தெரியாது' என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வார். தன்னை மட்டமாக நினைப்பவரிடம் நல்ல சொல் ஒட்டாது. திட்டு மட்டும் பல வருடம் கழித்தும் சொன்ன ஆளின் குரலோடு நினைவிருக்கும்.

கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியலாளராக இருக்கிறேன். தன்மதிப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி யாரும் ஓ.பி. சீட்டு வாங்குவதில்லை. தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை, கைகால் அசதி என்றுதான் வருவார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து, எங்கும் ஒன்றும் இல்லை என்றான பிறகு எங்களிடம் அனுப்பப்படுவார்கள். "வெறும் பேச்சுதானுங்களா, மாத்திரை தர மாட்டீங்களா?" என்று கேட்பவர்கள் நிறைய. பசியும் தூக்கமும் போய், செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தவருக்கு மாத்திரை தேவைப்படலாம்; அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பேசவும் வரலாம்.

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கப் பலருடைய விவரங்களைக் கலந்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது. நாற்காலி நுனியில்தான் உட்காருவார். அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறாரா என்று கதவைப் பார்த்தபடியே பேசுவார். ஒன்றரை ஷிப்ட் நிற்கச் சொன்னால் ஒருநாளும் மறுத்ததில்லை. பக்கத்து மேசைப் பெண் முடிக்காத பீஸையும் வாங்கிப் பார்த்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போனது இருந்தால் சாப்பாடு.

பிரிட்டன் உளவியலாளர் மெலனி ஃபென்னல் 1997-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த வேலையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது. சின்ன வயது அனுபவங்களிலிருந்து ஒருவர் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவோடு காலம் தள்ளுவதற்காகச் சில விதிகளைத் தனக்கே போட்டுக்கொள்கிறார். இந்த அக்காவின் முடிவு, 'நான் பாரம்'. மூன்றாவதும் பெண்ணா என்று கேட்ட வீட்டில் பிறந்தவர். அவர் போட்டுக்கொண்ட விதி: 'எல்லாருக்கும் உபயோகமா இருந்தாத்தான் என்னை வச்சுக்குவாங்க.' உடம்பில் தெம்பு இருக்கும்வரை இந்த விதி நன்றாகவே ஓடும். ஒருநாளும் அதை மீறிப் பார்க்காததால், மீறினால் என்ன ஆகும் என்பதும் கடைசிவரை தெரியாது.

அதனால் மீறிப் பார்க்க வைக்க வேண்டும், சிறிய அளவில். ஒரே ஒரு சாயங்காலம், "இன்னைக்கு நிக்க முடியாதுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொல்வது என்று பேசி முடிவெடுத்தோம். அதற்கு முன்னால், சொன்னால் என்ன நடக்கும் என்று அவரே எழுத வேண்டும். எழுதினார்: 'திட்டுவார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்.' இதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தொண்ணூறு வைங்க" என்றார். சூப்பர்வைசரோ, "சரிங்கக்கா, நாளைக்கு நேரமா வந்துருங்க" என்றிருக்கிறார்.

இதோடு கதை மாறிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வேலையைப் பார்த்ததில்லை. "அன்னைக்கு அவருக்கு மனசு நல்லா இருந்திருக்கும்ங்க" என்றார் அக்கா. பழைய முடிவு இப்படித்தான் தப்பித்துக்கொள்ளும்: கெட்டது நடந்தால் சாட்சி, நல்லது நடந்தால் தற்செயல். வேறு ஆளிடம், வேறு நாளில், கொஞ்சம் பெரிய விஷயத்தில் மறுபடி செய்து பார்க்க வேண்டும். தொண்ணூறு எழுபதாகும், பிறகு ஐம்பதாகும். பூஜ்ஜியம் ஆனதாக எனக்கு ஞாபகமில்லை. அது ஆக வேண்டிய அவசியமுமில்லை.

எந்த இடத்தில் சோதித்துப் பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும். எல்லாப் பயமும் மனப்பிரமை அல்ல. மறுத்துப் பேசினால் நிஜமாகவே வேலை போகும் இடங்கள் உண்டு. அடி விழும் வீடுகள் உண்டு. சாதிப் பெயர் சொல்லி வகுப்பில் ஒதுக்கப்பட்ட பையனிடமும், நிறத்தைச் சொல்லி ஒவ்வொரு பெண்பார்ப்பிலும் கழிக்கப்பட்ட பெண்ணிடமும் "இது உங்க எதிர்மறைச் சிந்தனை" என்று சொன்னால், அவர்களை அவமானப்படுத்தியவர்களின் பக்கம் நானும் போய் நின்றதாக ஆகும். அங்கே முதலில், நடந்தது அநியாயம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் செய்த அநியாயத்தை வைத்துத் தனக்கு விலை போட்டுக்கொண்டது எப்படி என்ற பேச்சு அதற்கப்புறம்தான்.

தன்மதிப்பை அளக்க 1965-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் உருவாக்கிய பத்து வாக்கியப் பட்டியலை இன்றும் பயன்படுத்துகிறோம். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்களை ஆராயும்போது பிறந்தது அது. 'என்னிடம் நல்ல குணங்கள் பல உள்ளன' என்ற வரிக்கு வந்ததும் நம் ஆட்கள் கூச்சத்தில் சிரிப்பார்கள். "அதை மத்தவங்கதானே மேடம் சொல்லணும்?" தன்னைப் பற்றித் தானே நல்லதாகச் சொல்வது தலைக்கனம் என்று வளர்ந்தவர்களுக்கு மதிப்பெண் குறைவாக வருவதில் ஆச்சரியமில்லை. எண்ணைக் குறித்துக்கொள்வேன், அதை மட்டும் நம்ப மாட்டேன்.

அந்தப் பட்டியலைவிட எனக்கு உதவுவது தினசரி காலண்டர் தாள். நோட்டு வாங்கி எழுதச் சொன்னால், வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்று அந்த அக்கா தயங்கினார். கிழித்த தாளின் பின்பக்கத்தில், அன்றைக்குத் தனக்காகச் செய்த ஒன்றை எழுதுவதாக அவரே சொன்னார். ராசிபலனுக்குப் பின்னால் முதலில் வந்ததெல்லாம் 'ஒண்ணுமில்லை' தான். பிறகு ஒரு தாளில், 'பஸ்ல சன்னலோரம் உக்காந்தேன்.' இன்னொன்றில், 'தோசை சூடா சாப்பிட்டேன். மாமியார் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல.' நிறைவான வாழ்க்கை என்று பெரிதாகப் பேசுகிறார்களே, என் அறைக்கு அது பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகிறது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பதற்கு நல்ல சான்று கோவாவிலிருந்து கிடைத்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் இந்த வழியில் பேசினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவுகள் வெளிவந்தன. பேச்சு சிகிச்சை படித்த, வசதியுள்ள ஆட்களுக்குத்தான் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

ஒருநாள் அக்காவின் கணவர் தனியாக வந்து, "உள்ள என்னங்க சொல்றா?" என்று கேட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி அதை ரகசியமாக வைக்க வேண்டியது என் கடமை; உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. சட்டத்தைச் சொன்னால் சண்டையாகும் என்று தோன்றியது. "அவங்களையே கேளுங்க, சொல்லணும்னு இருந்தா சொல்வாங்க" என்றேன். முறைத்தபடி போனார். வீட்டுக்குப் போய்க் கேட்டாராம். "பேசற இடத்துல பேசிட்டேன், விடுங்க" என்று மட்டும் சொன்னதாக அக்கா பிறகு சொன்னார். இதற்கு நாங்கள் ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை.

பண்டிகை சீசன் வந்ததும் அவர் வருவது நின்றுபோனது. தேறி நிற்பவர்கள், அலுத்து நிற்பவர்கள், லீவு கிடைக்காமல் நிற்பவர்கள் எல்லாரும் எங்கள் பதிவேட்டில் ஒன்றுதான். ஓ.பி.க்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் முதல் நாளே சீட்டின் பின்னால் 14416 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் அது. இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசலாம். வீட்டில் ஆள் இருக்கும்போது பேச முடியவில்லை, கம்பெனி டீ பிரேக்கில் கூப்பிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கூப்பிடலாம்.