சீத்தாப் பூவுக்குப் பிரஷ் பிடித்த அனுபவம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சீத்தா மரம் இருக்கிறது. 2019-ல் மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் கன்றாக வாங்கி வைத்தது. மூன்றாவது வருஷமே பூக்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. காலையில் பார்த்தால் கல் முழுக்கப் பச்சை இதழ் கொட்டிக் கிடக்கும், அம்மா பெருக்கித் தள்ளுவார். இது காய்க்காத ஜாதி, வெட்டிவிட்டு முருங்கை வை என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

வழி சொன்னது ஓஹையோவில் இருக்கும் அக்கா. அவள் தோட்டத்தில் பாவ்பாவ் என்று இரண்டு மரம் வைத்திருக்கிறாள். பப்பாளி இல்லை, நம் சீத்தாவுக்குச் சொந்தம்தான். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உறைபனியைத் தாங்கி நின்று, குளிர் போனதும் கருஞ்சிவப்பாகப் பூக்கும். விதை முளைக்கவே இரண்டு மூன்று மாதம் ஈரத்தோடு குளிரில் இருக்க வேண்டும், அதனால் சென்னையில் அதற்கு வழியே இல்லை. அந்தப் பூக்களுக்கு அவள் பிரஷ்ஷால் மகரந்தம் தடவுவதை வீடியோ காலில் காட்டி, "உன் மரத்துக்கும் இதுதான்டா குறை, செஞ்சு பாரு" என்றாள்.

விஷயம் இதுதான். சீத்தாப் பூ முதலில் பெண்ணாக இருக்கும், பிறகுதான் ஆணாக மாறும். மகரந்தம் உதிர்கிற நேரத்தில் அதே பூவில் அதை வாங்கிக்கொள்ளும் சூல்முடி காய்ந்துபோயிருக்கும். ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது கண்ணில் எளிதில் படாத அளவு சின்ன வண்டுகள், எங்கள் தெருவில் அவை இல்லை போலிருக்கிறது. பாவ்பாவுக்கு வேறு மரத்து மகரந்தம் வேண்டும், நம் சீத்தாவுக்கு அதே மரத்துப் பூ போதும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு டார்ச்சோடு போவேன். மூன்று இதழும் நன்றாக விரிந்த பூவை அம்மாவின் பழைய குங்குமச் சிமிழின் மேல் பிடித்துத் தட்டினால் வெளிர் மஞ்சளாகத் தூள் விழும். அப்புறம் நுனி மட்டும் லேசாகப் பிரிந்த, இன்னும் பெண்ணாக இருக்கிற பூவைத் தேட வேண்டும். இதழை விரலால் மெல்ல விலக்கினால் உள்ளே சின்னக் கூம்பு ஒன்று ஈரமாகப் பளபளக்கும். அதைச் சுற்றி வாட்டர் கலர் பிரஷ்ஷால் இரண்டு தடவு, அவ்வளவுதான். செய்த பூவுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டினேன்.

கத்திரி வெயிலில் செய்த பூக்கள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன, அந்தக் காய்ச்சலில் கூம்பு உடனே உலர்ந்துவிடுகிறது. ஜூனில் இரண்டு மழை விழுந்த பிறகு செய்த நாற்பதில் பதினொன்று பிடித்தது. மாவுப்பூச்சி வந்தபோது வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்தேன். அணிலுக்கு நான்கு போயிற்று, மீதிக்குப் பழைய கொசுவலையைக் கிழித்துப் பை கட்டினேன்.

அக்டோபரில் கண் விரிந்து இடுக்கு வெளுத்த முதல் காயைப் பறித்து அரிசி டிரம்மில் புதைத்து வைத்தோம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க வாசனை. அம்மா அதைப் பிட்டு, முதல் சுளையை என் வாயில் வைத்தார்.