ஐயாவின் தேக்குப் படகுக்கு எத்தனை கிலோ மோட்டார்?

எங்கள் வீட்டின் மூன்றாங்கட்டில் நெல் குதிர் இருந்த அறைக்குள் கவிழ்த்துப் போட்டிருந்த படகை வெளியே எடுத்தது போன புரட்டாசியில். ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் வாங்கி, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியது என்று வீட்டில் சொல்வார்கள். 12 அடி நீளம், நடுவில் நாலேகால் அடி அகலம், முழுக்கத் தேக்கு. கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி உட்கார்ந்திருப்பது போல ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகை மேல் ஏறி, செப்பு ஆணியால் இறுக்கிய வேலை. பங்காளிகள் நாலு வீட்டாரிடமும் சம்மதம் வாங்கவே ஒரு மாதம் போயிற்று.

கடற்கரை ஊரான தொண்டியிலிருந்து ஓர் ஆசாரியை அழைத்து வந்து காட்டினேன். படகைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அமரத்துப் பலகையை விரல்கணுவால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது துடுப்புக்கும் சின்னப் பாய்க்கும் செஞ்ச உருப்படி. அமரம் ஒடுங்கியிருக்கு பாருங்க. இதுல என்ன எஞ்சின் மாட்டப் போறீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் ஏற்கெனவே இருந்தது. தேவகோட்டையில் பெரியப்பா மகன், சும்மா கிடக்கும், படகின் அமரத்தில் தொங்கவிடுகிற 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். காசு வேண்டாம் என்றார். எடை 40 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஆசாரி அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, மாட்டலாம் என்றும் சொல்லவில்லை. சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று அன்று முடிவு செய்தேன்.

முதலில் படகு தண்ணீரில் நிற்க வேண்டுமே. இத்தனை வருடம் நம் ஊர் வெயிலில் காய்ந்த பலகை. இணைப்புகளில் வெளிச்சம் தெரிந்தது. ஆசாரி அவசியமான இடத்தில் மட்டும் பஞ்சும் குங்கிலியமும் வைத்து இடுக்கை அடைத்தார், கலப்பத்து அடிப்பது என்பார்கள். மற்ற இடுக்கெல்லாம் தண்ணீர் குடித்தால் தானே மூடிக்கொள்ளும், இப்போது இறுக்கி அடித்தால் ஊறும்போது பலகை பிளந்துவிடும் என்றார். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பியதும் இடுப்பளவு தண்ணீரில் கல் ஏற்றி அமிழ்த்தி வைத்தோம். பத்து நாளில் ஒழுக்கு நின்றது. ரைஸ் மில் தராசில் போட்டபோது காய்ந்த படகு 94 கிலோ. ஊறிய பிறகு 107. மரம் குடித்த தண்ணீர் மட்டும் 13 கிலோ. பழைய மரப்படகு வைத்திருப்பவர்கள் ஊறிய எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மோட்டாரை மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அமரத்துப் பலகையின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை எத்தனை செ.மீ. என்று அளந்துகொண்டு, மோட்டாரின் எடைக்குச் சமமாக ஒரு மூட்டையை அதே இடத்தில் தொங்கவிட்டால் போதும். 25 கிலோ அரிசிச் சிப்பம் வீட்டிலேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அப்பத்தா வாசலில் மறித்துவிட்டார்கள். "சோத்துக்கு வச்சிருக்க அரிசியையா தண்ணிக்கு மேல தொங்கவிடப் போற?" அதுவும் நியாயம்தான். காலிச் சாக்கில் ஆற்று மணலை நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் 10, 15, 25 கிலோவாக மூன்று மூட்டை கட்டினேன். மணல் இன்னும் வசதி. அதே எடைக்கு மூட்டை சின்னதாக இருக்கும்.

மூட்டையைப் படகுக்குள் வைத்தால் கணக்கு தப்பும். மோட்டாரின் எடை பலகைக்கு வெளியே ஏறக்குறைய ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது. அதனால் ஒரு கட்டையைப் பின்னால் நீட்டி அதன் நுனியில் கட்டினேன். மூட்டை தண்ணீரைத் தொடவும் கூடாது. தொட்டால் தண்ணீரே பாதியைச் சுமந்துவிடும்.

வெறும் படகில் விளிம்பு தண்ணீருக்கு மேல் 41 செ.மீ. 10 கிலோவுக்கு 39 ஆயிற்று. 25 கிலோவுக்கு 35.5. 40 கிலோவுக்கு 32. பரவாயில்லையே என்றுதான் தோன்றியது, நான் ஏறி உட்காரும் வரைக்கும். எனக்கு 68 கிலோ. மோட்டாரைப் பிடித்து ஓட்டுகிறவன் உட்காரும் பின்பலகையில், மூட்டை எதுவும் இல்லாமல், நான் மட்டும் உட்கார்ந்தபோதே 29. கூட 25 கிலோ தொங்கவிட்டதும் 23. அதை 40 ஆக்கியபோது 19. ஒரு சாண் கூட இல்லை. அணியம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதுவும் அலையே இல்லாத கண்மாயில், மோட்டார் தள்ளாமல் சும்மா நிற்கும்போது.

பிறகு 25 கிலோ மூட்டையை அப்படியே விட்டுவிட்டு நடுப்பலகைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். 29.5! நான் 80 செ.மீ. முன்னால் போனதற்கு அமரம் ஆறரை செ.மீ. எழும்பிவிட்டது. மோட்டார் எடையை 25லிருந்து 10 ஆகக் குறைத்தால்கூடக் கிடைப்பது மூன்றரைதான். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தராசுக்கோல் கணக்குத்தான் இது: எடையையும் நடுவிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கி வருவதுதான் அமரத்தை அழுத்துகிறது. ஆளை முன்னால் நகர்த்தலாம், பெட்ரோல் கேனை அணியத்தில் வைக்கலாம். மோட்டாருக்கு மட்டும் வேறு இடம் கிடையாது. படகிலேயே மிகக் கடைசியில், பலகைக்கும் வெளியே, அது தொங்கியாக வேண்டும். அதனால்தான் அதில் குறைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு அதிகம்.

குதிரைத்திறன் பக்கம் இருந்து பார்த்தாலும் 9.9 வீண். இந்த மாதிரிப் படகு தண்ணீரின் மேல் எழும்பி ஓடாது, தண்ணீரை விலக்கிக்கொண்டுதான் ஓடும். அதற்கு ஓர் எல்லை வேகம் உண்டு. தண்ணீரில் அமிழ்ந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கடலில் வேகத்தை அளக்கிற நாட் கணக்கில் அந்த வேகம் வரும். எங்கள் படகுக்கு 11 அடி, ஏறக்குறைய 4.4 நாட், மணிக்கு 8 கி.மீ. சொச்சம். அதற்கு இரண்டு குதிரைத்திறனே தாராளம். மேலும் திருகினால் படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் அமரத்தை இறக்கிக்கொள்ளும், வேகம் கூடாது. அந்த நிலையில் சட்டென்று மோட்டாரைத் தணித்தால் பின்னால் வந்த அலை அமரத்தின் மேலேயே ஏறி உள்ளே கொட்டும். 19 செ.மீ. விளிம்போடு அதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

1909இல் ஓலே எவின்ரூட் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன்தான். எடை 28 கிலோ. இன்று அதே எடைக்கு 5, 6 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் வந்துவிடுகிறது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் 8 குதிரைத்திறனே 27 கிலோ. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம், எண்ணெய்த் தேக்கம் எல்லாம் சேர்ந்து எடை கூடிவிடுகிறது. ஆகவே பழைய படகில் "அந்தக் காலத்தில் இதில் இத்தனை குதிரைத்திறன் ஓடியது" என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்து எத்தனை கிலோ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியில் கொச்சியிலிருந்து பழையதாக ஒரு ஹோண்டா 2.3 வாங்கினேன். 13.5 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக். காற்றால் குளிர்வது என்பதுதான் என்னை இழுத்தது. தொண்டிப் பக்கம் கரையோரம் ஆழம் குறைவு, சேறும் கடற்புல்லும் அதிகம். தண்ணீரை உறிஞ்சிக் குளிரும் மோட்டாரில் அதெல்லாம் உள்ளே போய் அடைக்கும். பெட்ரோல் டேங்க் மோட்டாரிலேயே இருக்கிறது, ஒரு லிட்டர் சொச்சம் பிடிக்கும். ரிவர்ஸ் கியர் இல்லை, மோட்டாரையே முழுவட்டம் திருப்பிக்கொள்ள வேண்டும். பெரியப்பா மகனிடம் நேரில் போய், அண்ணே, உங்கள் மோட்டாரை இந்தப் படகு தாங்காது என்று அளவெல்லாம் எழுதிய தாளோடு சொன்னேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, தானும் தொண்டிக்கு வருவதாகச் சொன்னார்.

அமரத்துப் பலகை முக்கால் அங்குலம்தான். அதில் நேராகக் கிளாம்பு போட்டு இறுக்க எனக்கு மனமில்லை. மோட்டார் நிற்கும்போது தொங்குகிற எடை ஒன்று. ஓடும்போது அதே பலகையை முன்னால் நெட்டித் தள்ளுகிற விசை வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான்களுக்கு நடுவே ஒரு தேக்குப் பலகைத் துண்டு கிடைத்தது. ஆசாரி அதை உள்ளும் புறமும் இரண்டு துண்டாகப் பொருத்தி, உள்துண்டை இரு பக்க மூலைக்கட்டை வரைக்கும் நீட்டிவிட்டார், பாரம் நடுவில் மட்டும் விழாமல் பரவட்டும் என்று. பழைய பலகையில் புதுத் துளை நாலே நாலுதான். பலகையின் உயரம் பதினைந்தரை அங்குலம். ஷார்ட் ஷாஃப்ட், அதாவது குட்டைத் தண்டு வைத்த மோட்டார், சரியாக உட்கார்ந்தது. விசிறிக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வந்தது. அமரம் சாய்வாக இருப்பதால் மோட்டாரின் சாய்வுப் பின்னை ஒரு துளை மாற்றிப்போட்டுச் செங்குத்தாக நிறுத்தினோம்.

கண்மாயில் மோட்டாரை ஓட்டவில்லை. ஆடு மாடு குடிக்கிற தண்ணீர், எண்ணெய் படக்கூடாது.

வாடைக் காற்று ஓய்ந்து, மாசியில் டாடா 407 வண்டியில் படகை ஏற்றித் தொண்டிக்குக் கொண்டுபோனோம். விடியற்காலையில் கடல் தட்டு போல இருந்தது. நடுப்பலகையில் உட்கார்ந்தபடி ஓட்டுவதற்காக மோட்டாரின் கைப்பிடியில் 80 செ.மீ. பிவிசி குழாய் ஒன்றைச் செருகிக் கிளிப் போட்டிருந்தேன். திருகினால் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து திரும்புகிறது. மோட்டாரைப் படகோடு ஒரு கயிற்றாலும் கட்டியாயிற்று, லைஃப் ஜாக்கெட்டும் போட்டாயிற்று. நின்றபோது விளிம்பு 32 செ.மீ. ஓடும்போது அமரம் இன்னும் நாலைந்து இறங்கியது. முக்கால் திருகலில் போன் காட்டிய வேகம் மணிக்கு 7.4 கி.மீ. முழுக்கத் திருகினால் 7.9, அந்த அரை கி.மீ.க்காகச் சத்தமும் அமரத்தின் இறக்கமும் தாங்கவில்லை. முக்காலிலேயே விட்டேன்.

ஆசாரி ஏறி அணியத்துப் பலகையில் உட்கார்ந்ததும் அமரம் மூன்று செ.மீ. எழும்பிப் படகு மட்டமாக நின்றது. கரையில் பெரியப்பா மகன் கையசைத்துக்கொண்டிருந்தார். அவரை ஏற்றிக்கொள்ளத் திரும்பும்போது ஆசாரி பின்னால் எட்டிப் பார்த்து, "தம்பி, இந்தக் கோட்டுல ஒரு வெள்ளைப் பெயின்ட் அடிச்சு வைங்க. இது முங்குச்சுன்னா ஆள் ஒருத்தரை இறக்கிடணும்" என்றார். அன்று சாயங்காலமே அடித்துவிட்டேன், விளிம்பிலிருந்து 28 செ.மீ. கீழே.