பீரோ ரூமில் ஒரு ராக் ஆல்பம்

இருபது வருஷமாகக் கல்யாண ரிசப்ஷன்களில் அடுத்தவர் பாட்டுக்கே கிடார் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, போன மே மாதம் சொந்தமாக ஒரு ராக் ஆல்பம் போட்டுவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டது. ஸ்டுடியோவுக்குக் காசு கிடையாது. ஏற்றிவிட்டது அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். மனுஷன் 1982 ஜனவரியில் நியூஜெர்சியில், வீட்டுப் படுக்கையறையில், கேசட்டில் நாலே நாலு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) பதியும் டாஸ்காம் பெட்டியையும் ரெண்டு மைக்கையும் வைத்துக்கொண்டு ஒண்டியாகப் பாடிப் பதிந்தார். தன் இசைக்குழுவான பேண்டுக்குப் போட்டுக் காட்டத்தான் பதிந்தது. அப்புறம் பேண்டோடு வாசித்துப் பார்த்தால் அந்த உயிர் வரவில்லை என்று, உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் கிடந்த அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார்கள்.

என் லேப்டாப்பில் நூறு டிராக் ஓடும். அப்புறம் என்ன!

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு பீரோ ரூம்தான் ஸ்டுடியோ. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஜமக்காளம், போர்வை. கண்டென்சர் மைக் வாங்கினேன், அங்கேதான் தப்பு. 48 வோல்ட் கொடுத்துவிட்டால் அதன் காதுக்குத் தப்புவது எதுவும் இல்லை. ஃபேனை அணைக்க வேண்டும். மே மாதம், கடலூர், போர்வை போர்த்திய அறை, ஃபேன் கிடையாது. முதல் பாட்டு முடிவதற்குள் கிடார் கம்பி கையில் வழுக்கியது.

அடுத்து குக்கர். "அஞ்சு நிமிஷம்மா" என்று கெஞ்சினேன். "பருப்பு உன் பாட்டு முடியுற வரைக்கும் காத்திருக்குமா?" என்றார் அம்மா. அடுத்து பல்லி. டேக் அருமையாக முடிந்து, கடைசி நோட் கரைகிற இடத்தில் ச்சு ச்சு ச்சு. அழிக்கப் போனால், நல்ல சகுனம், தொடாதே என்கிறார் அம்மா. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வீட்டில் பதிந்த 1970 ஆல்பத்தில் முதல் பாட்டிலேயே கதவு கிரீச்சிடும், அதை அவர் எடுக்கவில்லை. கதவுக்கு இடமுண்டு என்றால் பல்லிக்கு இல்லையா, விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சோகப் பாட்டு. உருகி, கண்ணை மூடிக்கொண்டு, "நீ போன பின்னே வீட்டில் என்ன மிச்சம்..." என்று இழுத்து நிறுத்தினேன். ரெண்டு பீட் இடைவெளி. தெருவிலிருந்து, தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா, கரெக்டான சுருதியில்:

"கவல... கவலேய்!"

தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சாளை, மத்தி என்பதுதான் எங்கள் ஊரில் கவலை.

மறுநாள் அந்த அம்மா வருவதற்கு முன்னால் சுத்தமாகத் திரும்பப் பதிந்தேன். சப்பென்று இருந்தது. பழைய டேக்கையே வைத்துக்கொண்டேன். டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் ஹெட்போனில் கேட்டுவிட்டு, "பாட்டு சுமார்தான்டா, ஆனா பேக்கிங் வாய்ஸ் யாரு? ஃபீல் கொட்டுது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவே கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். அந்த இடம் வந்து போனது. எதிர்வீட்டு அத்தை சட்டியோடு வாசலுக்கு ஓடி வந்து, தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இந்நேரத்துக்கு வந்திருக்காளே, பழசா இருக்கப்போவுது தம்பி. எந்தப் பக்கம் போனா?"